பிரிட்ஜ் கேமராவா, மிரர்லெஸ்ஸா? ஒன்றுதான் வாங்க முடியும்

கரையோரம்:

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு ஒரு கேமரா வாங்க வேண்டும். ஒன்றே ஒன்றுதான். வாங்கிவிட்டால் அப்புறம் ஐந்தாறு வருடத்துக்கு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது வீட்டு உத்தரவு. இரண்டு காரியத்துக்கு வேண்டும். ஒன்று, ஏரிக்கரையில் காலைநேரப் பறவைகள். அவை பக்கத்தில் வருவதே இல்லை. எதிர்க்கரையிலோ நடுத்தண்ணீரில் நிற்கும் பட்டமரத்திலோதான் உட்காருகின்றன. இன்னொன்று, மகள் நடனம் ஆடுகிறாள், வருடத்துக்கு மூன்று நான்கு தடவை மேடை ஏறுவாள். பயணம், பிறந்தநாள் எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

பார்த்து வைத்திருப்பவை: பிரிட்ஜ் (லென்ஸ் மாற்ற முடியாத, நீண்ட ஜூம் உள்ள கேமரா) என்றால் நிக்கான் பி950 அல்லது கேனான் எஸ்.எக்ஸ்70. மிரர்லெஸ் (லென்ஸ் மாற்றக்கூடியது) என்றால் கேனான் ஆர்50, கூடவே வரும் 18-45 லென்ஸோடு. 83 மடங்கு ஜூம் என்று பார்த்ததும் மனசு நிக்கான் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் சென்சார் (படம் பதியும் சில்லு) குட்டி, படம் சகிக்காது என்று அலுவலகத்தில் ஒருவர் குண்டைத் தூக்கிப் போட்டார். உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

பழைய பிலிம்:

மிரர்லெஸ் வாங்குங்கள் தம்பி. இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

பி950, எஸ்.எக்ஸ்70 இரண்டிலும் இருப்பது சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத சென்சார். அகலம் 6 மி.மீ. சொச்சம், உயரம் நாலரை மி.மீ. ஆர்50-ல் இருப்பது ஏறக்குறைய 22-க்கு 15 மி.மீ. பரப்பில் பார்த்தால் பன்னிரண்டு மடங்குக்குப் பக்கம். மழை பெய்யும்போது டம்ளரை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். 83 மடங்கு, 125 மடங்கு எல்லாம் பெட்டியின்மேல் அச்சடிக்க வசதியான எண்கள். எனக்குத் தெரிந்து அதை வாங்கிய பாதிப் பேர் முதல் மாதம் நிலாவை எடுத்தார்கள், இரண்டாவது மாதம் எதிர்வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் எழுதியிருந்ததை எடுத்தார்கள், மூன்றாவது மாதம் அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

ஒற்றைக்கண்:

அலமாரியில் வைக்காத மீதிப் பாதியில் நானும் ஒருவன். பி950-க்கு முந்தைய மாடலான பி900 வெளிவந்தது 2015-ல். சில மாதத்திலேயே வாங்கினேன், இன்னும் தோளில்தான் தொங்குகிறது.

பழைய பிலிம் ஐயா சொன்ன சென்சார் கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. கரையோரம் கேட்டிருப்பது 18-45 லென்ஸோடு வரும் ஆர்50. ஆர்50 சென்சாருக்கு அந்த 45-ஐ 1.6-ஆல் பெருக்கினால், முழுச்சட்டக் (36-க்கு 24 மி.மீ. சென்சார்) கணக்கில் 72 மி.மீ. அதை வைத்து எதிர்க்கரைக் கொக்கை எடுத்தால் படத்தில் கொக்கு வராது, ஏரிதான் வரும். நடுவில் வெள்ளையாக ஒரு அரிசி கிடக்கும். பெரிய சென்சாரில் பதிந்த அரிசி என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

மிரர்லெஸ் வாங்கச் சொல்பவர்கள் அடுத்த வரியிலேயே எந்த லென்ஸ் என்றும் சொல்ல வேண்டும். பாடி மட்டும் படம் எடுக்காது.

சும்மா வந்தவன்:

"ஒன்றுதான் வாங்க முடியும்" என்று தொடங்கிய இழை எதுவும் ஒன்றோடு முடிந்து நான் பார்த்ததில்லை. பாப்கார்னோடு உட்கார்ந்துவிட்டேன்.

முக்காலி:

இரண்டு பேர் சொல்வதும் சரி, ஆனால் வேறு வேறு இடத்தில் சரி. கொஞ்சம் கணக்குப் போடுகிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

முதலில் இந்த "மடங்கு". 83 மடங்கு என்றால் பொருள் 83 மடங்கு கிட்டே வரும் என்று அர்த்தமில்லை. லென்ஸின் நீளமான முனையைக் குட்டையான முனையால் வகுத்தால் வரும் எண், அவ்வளவுதான். பி950 முழுச்சட்டக் கணக்கில் 24-லிருந்து 2000 மி.மீ. வரை போகிறது, 2000 வகுத்தல் 24, சுமார் 83. 100-400 லென்ஸ் வெறும் 4 மடங்குதான், ஆனால் 8 மடங்கு ஜூம் உள்ள 24-200-ஐவிட இரண்டு பங்கு தூரம் எட்டும். அதனால் மடங்கை மறந்துவிட்டு நீளமான முனை எத்தனை மி.மீ. என்று மட்டும் பாருங்கள். பி950-க்கு 2000, எஸ்.எக்ஸ்70-க்கு 1365.

2000 என்றால் எவ்வளவு? நிலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2000 மி.மீ.-ல் சட்டத்தின் உயரத்தில் முக்கால் பங்கை நிலா அடைத்துக்கொள்ளும். நிக்கானின் பெரிய மாடலான பி1000-ன் 3000 மி.மீ.-ல் மேலும் கீழும் வெட்டுப்பட்டு வெளியே போய்விடும். ஆர்50-ல் 55-210 லென்ஸைப் போட்டு 210-ல் எடுத்தால் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு.

அடுத்து சென்சார் பயம். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். தூரத்துப் பறவையிடமிருந்து கேமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதை முடிவு செய்வது சென்சாரின் அளவு இல்லை, லென்ஸின் வாசல். உண்மையான குவியத்தூரத்தை (முழுச்சட்டக் கணக்குக்கு மாற்றாத, லென்ஸின் சொந்த மி.மீ. எண்) எஃப் எண்ணால் வகுத்தால் அந்த வாசலின் அகலம் கிடைக்கும். பி950-ன் உண்மையான குவியத்தூரம் 357 மி.மீ., எஃப்/6.5. வாசல் 55 மி.மீ. கேனானின் 100-400 லென்ஸ் 400-ல் எஃப்/8. வாசல் 50 மி.மீ. 55-210 லென்ஸ் 210-ல் எஃப்/7.1. வாசல் 30 மி.மீ.கூட இல்லை. அதாவது ஒரே பறவை, ஒரே தூரம், ஒரே ஷட்டர் வேகம் என்றால் அந்தப் பறவையிலிருந்து பி950 வாங்கும் வெளிச்சம் 100-400 வாங்குவதைவிடக் குறைவே இல்லை. 55-210 வாங்குவதைப்போல மூன்று பங்கு. குட்டி சென்சார் என்பதால் அந்த முனையில் ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை.

குடி முழுகுவது மற்ற முனையில். பி950-ஐ அகலமாக வைத்தால் குவியத்தூரம் 4.3 மி.மீ., எஃப்/2.8. வாசல் ஒன்றரை மி.மீ. ஊசிமுனை. மகளின் நடனம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பழைய பிலிம்:

முக்காலி, கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. விளிம்பு விலகலை, அதாவது வாசலைத் தாண்டும் ஒளி கொஞ்சம் பரவுவதை, எங்கே விட்டீர்கள்? எஃப்/6.5-ல் ஒரு ஒளிப்புள்ளி சென்சாரில் 8, 9 மைக்ரான் அகல வட்டமாக விழுகிறது. பி950-ன் ஒரு பிக்சல் 1.3 மைக்ரான் சொச்சம். ஒரு புள்ளி ஆறேழு பிக்சல்மேல் பாய் விரித்துப் படுத்தால் 16 மெகாபிக்சல் என்று பெருமை பேசி என்ன பயன்?

முக்காலி:

ஐயா சொல்வது உண்மை. 16 மெகாபிக்சலுக்குரிய நுணுக்கம் அந்த முனையில் கிடைக்காது. ஆனால் வாசல் ஏறக்குறைய அதே அளவு என்பதால் 100-400-க்கும் அந்தக் கட்டுப்பாடு உண்டு, அது கொஞ்சம் பெரிய பிக்சலுக்குள் ஒளிந்துகொள்கிறது, அவ்வளவுதான். ஆர்50-ல் 400-ல் எடுத்தால் கணக்குப்படி 640 மி.மீ. அதை 2000-க்குச் சமமாக வெட்டினால் 24 மெகாபிக்சலில் கையில் நிற்பது இரண்டரை. போன் திரையில் பார்க்க அது போதும். பி950-ன் படத்தைப் பக்கத்தில் வைத்தால் பி950 கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். மூன்று மடங்கு கூடுதலாக என்று யாரும் கனவு காண வேண்டாம்.

மழைக்கால்:

மேடை பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன்.

என் அக்கா மகள் பள்ளி ஆண்டுவிழாவில் ஆடினாள். நான்காவது வரிசையில் இடம். கையில் இருந்தது ஒரு சூப்பர்ஜூம், அதாவது குட்டி சென்சார் பிரிட்ஜ், எந்தக் கம்பெனி என்று சொல்லத் தேவையில்லை, அந்த அளவு சென்சார் உள்ள எல்லாமே இப்படித்தான். தானியங்கியில் வைத்து எடுத்தேன். கேமராவின் பின்திரையில் பார்க்க எல்லாம் நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தேன். முகம் மெழுகுப் பொம்மை மாதிரி மொழுக்கென்று இருக்கிறது. புருவம் ஒரு கோடு. ஜரிகை ஒரு மஞ்சள் பூச்சு. கை இருக்க வேண்டிய இடத்தில் விசிறி மாதிரி ஒரு கலங்கல், விரல் எண்ண முடியவில்லை. ஷட்டர் வேகம் 1/40 வினாடி, ஒளியுணர்வு (ஐ.எஸ்.ஓ.) 3200. புள்ளி புள்ளியான இரைச்சலை அழிக்கிறேன் என்று கேமரா புருவத்தையும் சேர்த்து அழித்திருக்கிறது.

நடனம் என்றால் 1/250 ஆவது வேண்டும். பாதம் தட்டும் நேரத்தில் அதுவும் போதாது. அடுத்த வருடம் மிரர்லெஸ் பாடியில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைப் போட்டுக்கொண்டு போனேன். அந்த லென்ஸ் 160 கிராம்தான், உள்ளங்கையில் அடங்கும். முக்காலி சொன்ன வாசல் கணக்குப்படி 28 மி.மீ. வருகிறது. சூப்பர்ஜூமில் அதே அளவு நெருக்கத்துக்குப் போனால் எஃப்/4 என்று வைத்துக்கொண்டாலும் 4 மி.மீ.கூட வராது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆர்50-ஐ வெறும் 18-45 லென்ஸோடு மேடைக்குக் கொண்டுபோனால் நீங்கள் நினைக்கும் அற்புதம் நடக்காது. அது 45-ல் எஃப்/6.3. சூப்பர்ஜூமைவிட மேல், ஆனால் "இதற்கா இவ்வளவு பேச்சு" என்று தோன்றும்.

கரையோரம்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஆக, ஆர்50-க்கு 100-400 ஒன்று, 50 ஒன்று, இரண்டு லென்ஸும் வாங்கினால்தான் நான் கேட்ட இரண்டும் நடக்கும். வெறும் பாடியும் 18-45-ம் வாங்கினால் இரண்டுமே நடக்காது. சரியாகப் புரிந்துகொண்டேனா? அது வீட்டு உத்தரவைத் தாண்டிவிடும்போல் இருக்கிறதே.

சும்மா வந்தவன்:

சொன்னேனா இல்லையா.

பழைய பிலிம்:

இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜாதி இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. ஒரு அங்குல சென்சார் பிரிட்ஜ். பெயரில்தான் அங்குலம், அளந்தால் 13.2-க்கு 8.8 மி.மீ. அந்தக் காலத்து வீடியோ கேமராக் குழாயின் அளவை வைத்துப் போட்ட பெயர், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குட்டி சென்சாரைப்போல நான்கு பங்கு பரப்பு.

சோனி ஆர்.எக்ஸ்10 மார்க் 4, 2017-ல் வந்தது. 24-லிருந்து 600 வரை, எஃப்/2.4-ல் தொடங்கி 4-ல் முடியும். ஃபோகஸ் பறக்கும் பறவையைப் பிடிக்கும். மேடையிலும் மானத்தைக் காப்பாற்றும். ஆனால் எடை ஒரு கிலோவைத் தாண்டும், விலையும் தொடக்கநிலை மிரர்லெஸ்ஸைத் தாண்டும். பழையது கிடைத்தால் பானசோனிக் எஃப்.இசட்1000 பாருங்கள், 400 வரைதான் போகும்.

முக்காலி:

ஆர்.எக்ஸ்10-ல் ஒரு வேடிக்கை. உண்மைக் குவியத்தூரம் 220, எஃப்/4, வாசல் 55 மி.மீ. பி950-ன் அதே வாசல்! தூரத்துப் பறவையிடம் இரண்டும் வாங்கும் வெளிச்சம் ஒன்றுதான். மிச்ச எல்லா இடத்திலும் சோனி ஜெயிக்கும்.

ஒற்றைக்கண்:

பி900, பி950-ன் குறைகளை நானே சொல்கிறேன், இல்லாவிட்டால் கட்சிக்காரன் என்பீர்கள்.

பறக்கும் பறவையை மறந்துவிடுங்கள். பத்து வருடமாக வைத்திருக்கிறேன், பறக்கும்போது எடுத்த நல்ல படங்களை இரண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். பி900 தொடர்ச்சியாக ஏழு படம் எடுக்கும், அப்புறம் எழுதி முடிக்கும்வரை வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பி950-ல் பத்து. அதற்குள் மீன்கொத்தி மீனைத் தின்று முடித்து ஏப்பம் விட்டிருக்கும். ஆர்50 பறவை என்று தெரிந்துகொண்டு கண்ணைத் தேடிப் போகிறது, அந்த விஷயத்தில் போட்டியே கிடையாது.

2000 மி.மீ.-ல் சட்டத்தின் அகலம் ஒரு டிகிரிதான். 100 மீட்டரில் 1.7 மீட்டர் அகலம் தெரியும். மரத்தில் பறவையை வெறும் கண்ணால் பார்த்துவிட்டுக் கேமராவைத் தூக்கினால் உள்ளே இலைதான் தெரியும், எந்த இலை என்றும் தெரியாது. இதற்காகவே லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். அழுத்திப் பிடித்தால் ஜூம் பின்வாங்கி அகலமாகக் காட்டும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். அந்தப் பட்டன் இல்லையென்றால் நான் எப்போதோ விற்றிருப்பேன்.

அப்புறம் வெயில். காலை ஒன்பது, பத்துக்கு மேல் தரை சூடேறி காற்று நெளிய ஆரம்பித்துவிட்டால் 2000 மி.மீ. படம் தண்ணீருக்கு அடியில் எடுத்த மாதிரி வரும். அதற்கு எந்தக் கேமராவும் மருந்தில்லை, எவ்வளவு செலவழித்தாலும் சரி.

தூசி ஒன்று. மாற்ற முடியாத லென்ஸ் என்பதால் உள்ளே எதுவும் போகாது என்று நினைத்தேன். ஜூம் நீளும்போதும் சுருங்கும்போதும் காற்றை உறிஞ்சுகிறது, அதோடு தூசியும் போகிறது. மூன்றாவது வருடம் வானம் வரும் படத்திலெல்லாம் ஒரே இடத்தில் ஒரு சாம்பல் பொட்டு. பழுதுபார்க்கும் இடத்தில் ஐந்து வாரம் வைத்திருந்து, முழுவதும் பிரித்தால்தான் ஆகும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது அந்தப் பொட்டை ஒவ்வொரு படத்திலும் நானே அழித்துக்கொள்கிறேன். மிரர்லெஸ் என்றால் லென்ஸைக் கழற்றி ஊதுபந்தால் இரண்டு ஊது, முடிந்தது.

கரையோரம்:

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன். தேவைப்படாது என்று நினைத்தேன், இப்போது தேவைப்படும்போல் இருக்கிறது.

ஏரிக்குப் போவது நான் இல்லை, அப்பா. அவருக்கு 67 வயது. ஓய்வுபெற்ற நாளிலிருந்து தினமும் காலையில் ஒரு பைனாகுலரோடும் ஒரு நோட்டோடும் போகிறார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடப் போவேன், அவ்வளவுதான். பேத்தி ஆடுவதையும் அவர்தான் முன்வரிசையில் உட்கார்ந்து எடுக்க ஆசைப்படுகிறார். இதுவரை போனைத் தவிர வேறு எதிலும் படம் எடுத்ததில்லை. கண்ணாடி போடுவார், கை லேசாக நடுங்கும்.

பழைய பிலிம்:

அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி! இத்தனை நாளும் உங்கள் தோளுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தோம்.

நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். முழுவதும் இல்லை, முக்கால்வாசி.

மழைக்கால்:

அப்பா நோட்டில் என்ன எழுதுகிறார்?

கரையோரம்:

தேதி, நேரம், என்ன பறவை, எத்தனை. சந்தேகம் இருந்தால் பக்கத்தில் கேள்விக்குறி. இப்போது கேள்விக்குறிகள் நிறைய ஆகிவிட்டன, அதனால்தான் கேமரா பேச்சே வந்தது. எதிர்க்கரை மின்கோபுரத்தில் ஒரு பருந்து உட்காருகிறது. கரும்பருந்தா, செம்பருந்தின் குஞ்சா என்று ஆறு மாதமாக அவருக்குத் தூக்கம் இல்லை.

ஒற்றைக்கண்:

அப்படியென்றால் அவருக்கு வேண்டியது படமே இல்லை, ஆதாரம். இளம் செம்பருந்து பழுப்பாகத்தான் இருக்கும், தூரத்தில் கரும்பருந்து என்றே தோன்றும். வாலைப் பார்க்க வேண்டும். கரும்பருந்துக்கு வால் நுனி கவை மாதிரி உள்வாங்கியிருக்கும், செம்பருந்துக்கு வட்டமாக இருக்கும். உட்கார்ந்திருக்கும் பறவை, பகல் வெளிச்சம், தூரம் அதிகம். இதற்கென்றே செய்த மாதிரி இருப்பது பி950. அழகான படம் வராது, வால் வரும்.

கை நடுக்கத்துக்குப் பயப்பட வேண்டாம், ஆட்டத்தைத் தடுக்கும் வசதி நன்றாக வேலை செய்கிறது. ஆனால் 1/250-க்குக் கீழே இறங்க வேண்டாம். ஏதாவது ஒரு கம்பியிலோ மரத்திலோ முழங்கையைச் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் வியூஃபைண்டர் பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பி அவர் கண்ணுக்குப் பொருத்திக் கொடுங்கள். நம்மில் பாதிப் பேர் அதைத் தொடாமலேயே "வியூஃபைண்டர் மங்கல்" என்று புலம்புகிறோம்.

மழைக்கால்:

எடையையும் பாருங்கள். பி950 ஒரு கிலோ. ஆர்50 பாடி 375 கிராம், 100-400 லென்ஸ் 635, அதுவும் சேர்ந்து ஒரு கிலோதான். ஆக எடையில் இரண்டும் ஒன்று. எஸ்.எக்ஸ்70 610 கிராம், ஆனால் வாசல் சின்னது, 38 மி.மீ. தினமும் நடந்து போகிறவருக்கு அந்த 400 கிராம் பெரிய விஷயமாகக்கூட இருக்கலாம். வாங்குவதற்கு முன் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள், நாம் இங்கே உட்கார்ந்து தீர்ப்பு சொல்வதைவிட அது மேல்.

கரையோரம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

நண்பர் ஒருவரிடம் பி950 இருந்தது, இன்னொருவரிடம் ஆர்50-ம் 100-400-ம். இரண்டையும் ஒரு வாரம் கேட்டு வாங்கி அப்பாவிடம் கொடுத்தேன். எதுவும் சொல்லித் தரவில்லை, வியூஃபைண்டர் சக்கரத்தை மட்டும் பொருத்திக் கொடுத்தேன்.

முதல் இரண்டு நாள் ஆர்50. பட்டமரத்து மீன்கொத்தியை அருமையாக எடுத்திருக்கிறார், அலகில் வழியும் தண்ணீர்கூடத் தெரிகிறது. பறந்துபோன கொக்கைக்கூடத் தொடர்ந்து எட்டுப் படம், எட்டிலும் கண் துல்லியம். நான் அசந்துவிட்டேன். அவர் அசரவில்லை. "கோபுரம் எட்டவில்லையே" என்றார். வெட்டிப் பெரிதாக்கிக் காட்டினேன். வால் இருக்கிறது, ஆனால் நுனி எப்படி என்று சத்தியம் பண்ண முடியாது.

மூன்றாம் நாள் பி950. முதல் அரைமணி நேரம் எதுவும் சிக்கவில்லை, எரிச்சலோடு வானத்தையே எடுத்துக்கொண்டிருந்தார். ஒற்றைக்கண் சொன்ன பட்டனைக் காட்டினேன். அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆறே முக்கால் மணிக்குக் கோபுரத்துப் பருந்து. படம் மொழுக்கென்று, நிறம் கொஞ்சம் வெளுத்து, பழைய பிலிம் ஐயா பார்த்தால் முகம் சுளிப்பார். ஆனால் வால் நுனி வட்டம். எண்ணெய் தேய்த்த தலை மாதிரி வழவழப்பான வட்டம்.

அந்த வார சனிக்கிழமையே மகளின் நிகழ்ச்சியும் இருந்தது. அப்பா பி950-ஐக் கொண்டுவந்தார். மழைக்கால் சொன்னது அப்படியே நடந்தது, விசிறிக் கைகள், மெழுகு முகம். 140 படம் எடுத்தார், ஆடாமல் நின்ற நேரத்தில் எடுத்த நான்கு தேறின. கடைசி வணக்கம் சொல்லும் படம் மட்டும் மகளுக்குப் பிடித்திருக்கிறது. நான் கொஞ்சம் கவலையோடு, "அப்பா, ஒரு அங்குல சென்சார் என்று ஒன்று இருக்கிறது, இரண்டையும் ஓரளவு எடுக்கும்" என்று ஆரம்பித்தேன். "கோபுரம் எட்டுமா?" என்றார். 600 வரைதான் என்றேன். "ஆட்டத்தை நான் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன், அது முன்வரிசைதானே" என்று முடித்துவிட்டார்.

பி950 வாங்கியாகிவிட்டது.

பழைய பிலிம்:

முகம் சுளிக்கவில்லை. அந்தப் பருந்தைப் போடுங்கள், பார்ப்போம். மேடைக்கு அடுத்த வருடம் பழைய மிரர்லெஸ் பாடி ஒன்றும் 50 லென்ஸும் உங்களுக்கு. வீட்டில் இப்போதே சொல்ல வேண்டாம்.

ஒற்றைக்கண்:

கூடுதல் பேட்டரி ஒன்று வாங்கிக் கொடுங்கள். பறவைக்காகக் காத்திருக்கும்போது வியூஃபைண்டர் எரிந்துகொண்டே இருக்கும், ஒரு பேட்டரி காலைப் பொழுதுக்குத் தாங்காது. அப்புறம் 2000-ல் தொடங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 500 வாக்கில் பறவையைப் பிடித்து, நடுவில் வைத்து, பிறகு மெதுவாக நீட்டட்டும்.

சும்மா வந்தவன்:

ஒன்றோடு முடிந்துவிட்டதே! வரலாற்றில் முதல் தடவை.

கரையோரம்:

பேட்டரி சொல்லிவிட்டேன், நன்றி. பருந்துப் படத்தைப் போட மெமரி அட்டையைக் கேட்டேன், "நாளைக்குத் தருகிறேன், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது" என்கிறார். நோட்டைத் திறந்து பார்த்தேன். ஆறு மாதக் கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் "செ.ப., இளசு" என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். மார்ச் மாதத்தில் ஒன்றை மட்டும் அடிக்கவில்லை. அன்றைக்கு வந்தது வேறு பறவையாம்.